நிமோனியாவும் பரம்பரையும்: டீச்சரிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நான் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவள், டொக்டர் இல்லை. பரம்பரையியல் அலகு தொடங்கினால் போதும், வகுப்பு முடிந்த பிறகு ஒரு பிள்ளை மேசையடியில் நிற்கும். "எங்கட வீட்டில எல்லாருக்கும் நெஞ்சுச் சளி, அது பரம்பரையா டீச்சர்?" அடுத்த கிழமை அந்தப் பிள்ளையின் தாய் வருவார். அதன் பிறகு தாயின் தங்கச்சி. மார்கழி மழைக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வார்டுகள் நிரம்பும்போது கேள்விகளும் கூடும். ஒரே பதிலைப் பல வருடங்களாகச் சொல்லி அலுத்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. நிமோனியா தொற்றுற வருத்தம்தானே டீச்சர், அதுக்குள்ள பரம்பரை எங்க இருந்து வந்தது?

கிருமி வெளியில் இருந்துதான் வருகிறது. சுவாசப்பையின் நுண்ணிய காற்றறைகளுக்குள் தொற்று இறங்கி, காற்று இருக்க வேண்டிய இடத்தில் சீழும் நீரும் நிரம்புவதுதான் நிமோனியா. ஆனால் அதற்கு முக்கிய காரணமான நியூமோகாக்கஸ் பக்டீரியா, பாலர் பாடசாலைப் பிள்ளைகள் பலரின் மூக்கில் ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் ஒரே கிருமியைப் பங்குபோட, ஒரு பிள்ளைதான் வார்டுக்குப் போகிறது. ஏன் அந்தப் பிள்ளை? அங்கேதான் வயது, சாப்பாடு, புகை எல்லாவற்றோடும் சேர்ந்து பரம்பரையும் வருகிறது.

இதற்கு நான் வகுப்பில் சொல்கிற ஆதாரம் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு. 1988ல் வெளிவந்தது, 960 குடும்பங்கள். பெற்ற தாய் அல்லது தகப்பன் 50 வயதுக்கு முன் தொற்று நோயால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் தொற்றால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ 6 மடங்கு. வளர்த்த பெற்றோர் தொற்றால் இறந்திருந்தால் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. இது நிமோனியாவை மட்டும் பார்த்த ஆய்வு இல்லை, எல்லாத் தொற்றுகளையும் சேர்த்தது. இறந்தவர்களின் தொகையும் சிறியது. அதனால் அந்த 6 மடங்கைக் கல்லில் பொறிக்க வேண்டாம். ஆனாலும் கிருமியை எதிர்க்கும் பலத்தில் ஒரு பங்கு பிறப்போடு வருகிறது என்பதை அது காட்டிவிட்டது.

2. நிர்ப்பீடன மரபணு என்றால் அது ஒன்றா, கனக்க இருக்கா?

கனக்க. ஒரே ஒரு மரபணு பழுதாகி நிர்ப்பீடனம், அதாவது எதிர்ப்புச் சக்தி, குறையும் நிலைகள் மட்டுமே இன்றைக்கு 500 அளவில் தெரியும்.

படுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள வயல் பக்கம்) பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. யானை வரும் வயல்வட்டையில் இரவுக் காவல் எப்படி நடக்கிறது? பரணில் இருக்கிறவர் முதலில் காண வேண்டும். கண்டதும் கூப்பிட வேண்டும். அந்தக் குரல் அடுத்த வாடிக்குக் கேட்க வேண்டும். பிறகு ஆட்கள் லைட்டோடும் யானை வெடியோடும் ஓடிவர வேண்டும். உடம்பிலும் அதே ஒழுங்குதான். கிருமியைக் காணும் ஏற்பிகள் ஒரு கூட்டம், செய்தியைக் கடத்தும் புரதங்கள் இன்னொரு கூட்டம், கிருமியின் மேல் ஒட்டி அடையாளம் வைக்கும் பிறபொருளெதிரிகள், கடைசியில் வந்து விழுங்கும் வெண்குழியங்கள். ஒவ்வொன்றையும் செய்ய மரபணுக்கள் இருக்கின்றன, எதிலும் மாறுபாடு வரலாம். பரணில் ஆளே இல்லாததும், ஆள் இருந்தும் தொண்டை அடைத்துப்போனதும் வேறு வேறு பழுதுகள். ஆனால் விடியும்போது வயலின் நிலை ஒன்றுதான்.

3. மரபணுவில மாற்றம் இருந்தா நிமோனியா கட்டாயம் வருமா?

இதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் மாற்றங்கள் இரண்டு சாதி. இதைக் கலந்துபோடுவதால்தான் முக்கால்வாசிக் குழப்பமும்.

முதலாவது, அரிதானது, ஆனால் பலமாக அடிப்பது. உதாரணம் ஐராக்-4 என்ற மரபணு (2003ல் கண்டுபிடித்த குறைபாடு), அதன் கூட்டாளி மைடி-88 (2008). இரண்டும் பரணில் இருந்து எழும் குரலைக் கடத்துபவை. இவை வேலை செய்யாத பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் நியூமோகாக்கஸ் கிருமி இரத்தத்துக்கும் மூளைக்கும் ஏறி உயிரையே எடுக்கலாம். இதில் ஒரு பயங்கரமும் ஓர் ஆறுதலும் உண்டு. குரல் போகாததால் காய்ச்சல்கூடச் சரியாக எழும்பாது, தாய்க்கு வருத்தத்தின் கடுமை தெரியாது. ஆறுதல் என்னவென்றால், பதின்ம வயது தாண்டினால் இந்தப் பெரிய தொற்றுகள் நன்றாகக் குறைந்துவிடுகின்றன. அதுவரைக்கும் பிள்ளையைக் காப்பாற்றிக் கொண்டுவந்துவிட்டால் வெற்றி.

இரண்டாவது, பரவலானது, ஆனால் மெல்லத் தள்ளுவது. உங்களிலும் என்னிலும் இப்படி எத்தனையோ இருக்கும். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். ஆம், குறைக்கவும் செய்யும். டிராப் என்ற மரபணுவின் ஒரு மாறுபாட்டைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் நியூமோகாக்கஸ் தொற்றும் மலேரியாவும் காசநோயும் குறைவு என்று 2007ல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்தவை எல்லாம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் சாதி மாற்றங்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

4. கொழும்பில செய்த ரிப்போர்ட்டில எம்பிஎல் குறைவு என்று கிடக்கு. மகனுக்கு என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எம்பிஎல் என்பது கிருமியின் வெளிப்பக்கத்துச் சீனி மூலக்கூறுகளில் ஒட்டும் ஒரு புரதம். அதைக் குறைக்கும் மாறுபாடுகள் உலகம் முழுக்கச் சாதாரணமாக இருக்கின்றன. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் அது தெரியாமலே கிழவர் கிழவியாகிறார்கள்.

2002ல் இங்கிலாந்தில் ஒரு கணக்குப் பார்த்தார்கள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் குறைந்த வகையே வந்தவர்கள், கடும் நியூமோகாக்கஸ் நோயாளர்களில் 100க்கு 12 பேர், மற்றவர்களில் 100க்கு 5 பேர். பெரிய வித்தியாசம்தான். ஆனால் வேறு நாடுகளில் செய்த சில ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தெளிவாக வரவில்லை. சிலவற்றில் நோய் வருவதோடு தொடர்பில்லை, வந்தால் கடுமையாவதோடுதான் தொடர்பு. அதனால் பிள்ளை நன்றாக வளர்கிறது, அடிக்கடி பெரிய தொற்று இல்லை என்றால் அந்த ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டு வையுங்கள். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்ட வேண்டாம்.

5. அம்மம்மாட ஆண்பிள்ளைகள் ரெண்டு பேர் ஒரு வயசுக்குள்ள சளியில செத்தவையாம். இப்ப என்ர மகனுக்கும் நிமோனியா. தொடர்பு இருக்கா?

இருக்கலாம். இந்தப் பக்கத்தில் மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய பதில் இதுதான்.

சில நிர்ப்பீடன மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானால் மற்றது சமாளிக்கும். ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. ஆகவே காவியான, அதாவது பழுதைச் சுமந்தும் தனக்கு நோய் இல்லாத, தாய்க்குப் பிறக்கும் ஆண்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள் ஒவ்வொருத்திக்கும் காவியாக அதே வாய்ப்பு. 1952ல் அமெரிக்க மருத்துவர் ஒக்டன் புரூட்டன், திரும்பத் திரும்ப நியூமோகாக்கஸ் தொற்று வந்த 8 வயதுச் சிறுவனின் இரத்தத்தில் பிறபொருளெதிரிகளே இல்லாததைக் கண்டார். அந்த நோய் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. காரணமான பிடிகே மரபணுவைக் கண்டுபிடிக்க 1993 ஆனது. இந்தப் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் நன்றாக இருப்பார்கள், தாயின் பிறபொருளெதிரிகள் தொப்புள்கொடி வழியாக வந்து காவல் இருக்கும். அது தீரத் தீரச் சளி, காது சீழ், நிமோனியா என்று தொடங்கும். "ஆறு மாசம் வரைக்கும் கொழுகொழு என்று இருந்த பிள்ளை, யாரோ கண் வைச்சிற்றாங்க" என்று நம் வீடுகளில் சொல்லும் கதைகளில் சில இதுவாக இருந்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. குடி என்ற வம்சப் பிரிவு இங்கே தாய்வழியில் வருவது. முன்பெல்லாம் இந்த நோய் வந்த ஆண்கள் பிள்ளை பெறும் வயதுக்கு வரவில்லை. அதனால் பழுதான எக்ஸ் பெண்கள் வழியே, அதாவது குடியின் வழியே நடந்தது. ஆகவே அம்மம்மாவிடம் இருந்து கேட்டு எழுதுங்கள்: அவவின் சகோதரர்கள், அவவின் மகன்மார், பெரியம்மா சின்னம்மாவின் மகன்மார், யார் எந்த வயதில் என்ன வருத்தத்தில் போனார்கள். அந்த ஒரு தாளைப் பிள்ளையின் டொக்டரிடம் கொடுங்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக ஒரு பிள்ளையில் தொடங்குவதும் உண்டு. அதனால் தாளில் ஒன்றும் இல்லாவிட்டாலும் "இல்லை" என்று முடிவுகட்ட முடியாது.

6. நாங்கள் மச்சான் மச்சாள் முடித்தவர்கள். குடி வேறுதானே, பிறகென்ன இரத்தம் ஒன்றாகும்?

குடி வேறு, சரி. இங்கே தமிழரிலும் முஸ்லிம்களிலும் ஒரே குடிக்குள் முடிக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். ஆனால் குடிக்கணக்கு தாய்வழி ஒன்றை மட்டும் எண்ணுகிறது, மரபணு இரண்டு பக்கத்தாலும் வருகிறது. மாமாவின் மகள் உங்கள் குடி இல்லை. ஆனாலும் அவளுக்கும் உங்களுக்கும் தாத்தாவும் அம்மம்மாவும் ஒன்றே. பெரியம்மாவின் மகளோடு எவ்வளவு மரபணு பொதுவோ, சராசரியில் அவளோடும் அவ்வளவே பொது: எட்டில் ஒரு பங்கு.

இது 5ஆம் பதிலில் சொன்ன எக்ஸ் வகைக்கு வித்தியாசம் செய்யாது. ஐராக்-4 போன்றவற்றுக்குத்தான் செய்யும். அந்த வகையில் நோய் வரத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். தாத்தாவிடம் ஒளிந்திருந்த ஒன்று இரண்டு கிளையாலும் இறங்கி ஒரு பிள்ளையில் சந்திக்கலாம். அப்படி இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொதுவாக 100 பிள்ளைகளில் 2, 3 பேருக்குப் பிறவியிலேயே ஏதாவது பெரிய குறை இருக்கும், நேரடி மச்சான் மச்சாளின் பிள்ளைகளில் அது ஏறத்தாழ இரட்டிப்பு. மிச்சப் பேர் சுகமாகத்தான் பிறக்கிறார்கள். முடித்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் தாயும் தகப்பனும் மச்சான் மச்சாள்தான்.

7. எத்தனை தரம் நிமோனியா வந்தால் பரம்பரை என்று சந்தேகப்பட வேண்டும்?

உலகெங்கும் வைத்தியர்கள் வைத்திருக்கும் ஒரு கை அளவு: ஒரே வருடத்தில் இரண்டு தரம் அல்லது அதற்கு மேல். அதோடு மற்றவையும் சேர்ந்தால் சந்தேகம் பலக்கும்: வருடத்துக்கு நாலு தரம் அல்லது அதற்கு மேல் காதில் தொற்று, இரண்டு மாதம் அன்டிபயோட்டிக் குடித்தும் மாறாத தொற்று, நிறை ஏறாமை, ஆழத்தில் வரும் சீழ்க்கட்டிகள், ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் மாறாத வெள்ளைப் படலம், குடும்பத்தில் இப்படி ஒருவர்.

ஒவ்வொரு தரமும் எடுத்த எக்ஸ்ரேயை எறியாதீர்கள். ஒரே இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தால் டொக்டர் மரபணுவைத் தேடமாட்டார், சுவாசக் குழாயில் என்ன அடைத்திருக்கிறது என்று தேடுவார். அது கோயில் திருவிழாவில் ஓடிக்கொண்டே தின்ற கச்சான் பருப்பாக இருக்கலாம். வெவ்வேறு இடங்களில் வந்தால்தான் எதிர்ப்புச் சக்திப் பக்கம் பார்வை போகும்.

8. எங்கட வீட்டில எல்லாருக்கும் சின்னதில இருந்தே சளி. அப்ப அது நிர்ப்பீடனக் குறைதானே?

நான் கண்ட வீடுகளில் பெரும்பாலும் அது முட்டு, அதாவது ஆஸ்துமா. அதுவும் குடும்பத்தோடு வரும். இழுப்பு வந்து, எக்ஸ்ரேயில் சளி தேங்கின நிழல் விழுந்தால் நிமோனியா என்று பெயர் வைத்துவிடுவதும் நடக்கும். என் சின்ன மகளுக்கு மூன்று வயதில் இதே கதை. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் இருமல் தொடங்கும். ஒரு மருந்தகத்தில் ஒவ்வொரு தரமும் அன்டிபயோட்டிக் பாணி கட்டித் தந்தார்கள். ஒரு வருடத்தில் ஆறு போத்தல். நானும் உயிரியல் படித்த மூளையோடு, "இது பரம்பரை எதிர்ப்புக் குறையோ" என்று இரவிரவாக யோசித்தேன். கடைசியில் ஆஸ்துமா பம்ப் கொடுத்ததும் அடங்கியது. அந்த ஆறு போத்தலை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

9. முந்தின ஆண்பிள்ளை நாலு மாசத்தில செத்தது. இப்ப வயித்தில இருக்கிற பிள்ளைக்குப் பிறந்த உடனே ஊசி போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாயை நான் கையோடு மிட்வைஃபிடம் கூட்டிப்போனேன். இலங்கையில் பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியை விட்டுப் போவதற்குள் போடும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) உயிருள்ள, பலவீனமாக்கிய கிருமி. கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அது நல்லது, கட்டாயம் போட வேண்டியது. ஆனால் டி வெண்குழியங்களே (எதிர்ப்பை நடத்தும் ஒருவகை வெண்குழியம்) இல்லாமல் பிறக்கும் மிக அரிதான பிள்ளைகளில் அந்த ஊசிக் கிருமியே உடம்பெங்கும் பரவலாம்.

ஆகவே கைக்குழந்தையாக ஒரு பிள்ளை தொற்றில் இறந்திருந்தால், அடுத்த பிள்ளைப்பேற்றுக்கு முன்பே கிளினிக் கார்டில் அதை எழுதுவித்து, பிள்ளைநல டொக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். ஊசியைத் தள்ளிப்போடுவதா என்று அவர் முடிவெடுப்பார். நீங்களாக முடிவெடுத்து மற்ற ஊசிகளையும் நிறுத்திவிடாதீர்கள். 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய் ஊசியில் ஹிப் கிருமிக்கான பங்கும் உண்டு. அந்தக் கிருமி நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கொண்டுவருவது. அந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை.

10. மரபணு டெஸ்ட் செய்ய வேணுமா? எச்சில் அனுப்பினால் போதும் என்று விளம்பரம் வருதே.

எச்சில் டெஸ்ட்டுக்குக் காசு கட்டாதீர்கள். அது பெரும்பாலும் 3ஆம் பதிலில் சொன்ன இரண்டாம் சாதி மாற்றங்களைப் பட்டியலிட்டுத் தரும். அதை வைத்து எந்த டொக்டரும் மருந்தை மாற்றமாட்டார்.

தேவையான சோதனைகள் மலிவானவையில் தொடங்குகின்றன. முழு இரத்தக் கணக்கு, எங்கேயும் செய்யலாம். அதில் லிம்போசைட் (ஒருவகை வெண்குழியம்) என்ற வரியை யாரும் பார்ப்பதில்லை. கைக்குழந்தைக்கு அது 3000க்குக் கீழே இருந்தால் டொக்டர் அதைக் கட்டாயம் திரும்பப் பார்க்க வேண்டும். அப்புறம் இரத்தத்தில் பிறபொருளெதிரிகளின் அளவு, போட்ட தடுப்பூசிக்கு உடம்பு பதில் கொடுத்ததா என்ற சோதனை. இவை பிழைத்தால்தான் மரபணுவைத் தேடுவது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அம்பாறை, கல்முனைப் பக்க ஆஸ்பத்திரிகளிலோ பிள்ளைநல டொக்டர் எழுதினால், கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நிர்ப்பீடனவியல் பகுதியில் இந்த விசேட சோதனைகளைச் செய்விக்க வழி உண்டு.

11. வாப்பாக்கு வயலுக்குப் போய் வந்து நிமோனியா, மெலியோய்டோசிஸ் என்றாங்க. அதுவும் பரம்பரையா?

மெலியோய்டோசிஸ் கிழக்கு மாகாணத்தில் உள்ள நோய். அந்தக் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, பெரும்போகத்து மழையில் மேலே வருகிறது. காலில் உள்ள வெடிப்பாலும் நுழையும், காற்றோடு சுவாசப்பைக்கும் போகும். ஒரே வட்டையில் ஒரே சேற்றில் நின்ற 20 பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன்? முதல் சந்தேகம் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இந்த நோய் வருபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருக்கிறது. டொக்டரிடம் "வயல் வேலை, சீனி இருக்கு" என்ற இரண்டையும் கேட்காமலே சொல்லுங்கள். வழக்கமான நிமோனியா மருந்துகள் பல இதற்குக் கேட்காது. ஊசி மருந்துக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் குளிசை போட வேண்டும். பாதியில் விட்டால் திரும்ப வரும்.

மரபணுவும் கொஞ்சம் உண்டு, அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சில கிருமிகளுக்கு நீந்த வால் உண்டு. அந்த வாலைக் காணும் பரண்காரன் டிஎல்ஆர்-5. அதைப் பாதியில் நிறுத்திவிடும் ஒரு மாறுபாடு மனிதரில் பரவலாக இருக்கிறது. 1999ல் நெதர்லாந்தில் ஒரு மலர்க் கண்காட்சியில் லெஜியோனெல்லா நிமோனியா பரவியது. அதில் நோய்ப்பட்டவர்களை ஆராய்ந்து, இந்த மாறுபாடு உள்ளவர்களுக்கு ஆபத்துக் கூட என்று 2003ல் சொன்னார்கள். தாய்லாந்தில் மெலியோய்டோசிஸ் நோயாளர்களைப் பார்த்தால், 2013ல் வந்த முடிவு நேர்மாறு: அதே மாறுபாடு உள்ளவர்கள் குறைவாக இறந்தார்கள். கண்டதும் கத்துவது எப்போதும் நல்லதில்லை போலும். யானைக்குப் பயந்து ஊரே வயலுக்குள் ஓடினால் யானை மிதிக்காத நெல்லையும் ஆட்கள் மிதித்துவிடுவார்கள். மெலியோய்டோசிஸில் உடம்பின் அளவுமீறிய அழற்சியும் கொல்கிறது. ஆகவே "நல்ல மரபணு, கெட்ட மரபணு" என்று என்னிடம் கேட்பவர்களிடம், எந்தக் கிருமிக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

12. சீனியும் பரம்பரைதானே? அப்ப எப்படிச் சுத்தினாலும் பரம்பரைதானே டீச்சர்!

இதைக் கேட்டது ஒரு மாணவன். நல்ல கேள்வி. நிமோனியா ஆபத்தைக் கூட்டும் மரபணுக்கள் எல்லாம் நிர்ப்பீடன மரபணுக்கள் இல்லை. 2021ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக நோயாளர்களின் மரபணுக்களை வரிசையாகத் தேடியபோது மேலே வந்தவை இரண்டு: ஐரோப்பிய வம்சத்தாரில் சளியைக் கெட்டியாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மரபணு, ஆபிரிக்க வம்சத்தாரில் அரிவாள் செல் மரபணு. ஒன்று சளியின் நீர்த்தன்மையைக் கெடுக்கிறது, மற்றது மண்ணீரலைக் கெடுக்கிறது. தலசீமியாவுக்காக மண்ணீரலை எடுத்தவர்களுக்கும் நியூமோகாக்கஸ் ஆபத்து உண்டு. அவர்கள் அதற்கான தடுப்பூசி பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சீனிக்கும் பரம்பரைப் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீனியைக் கட்டுப்படுத்தலாம். அதேபோல அடுப்புப் புகை சின்னப் பிள்ளைகளின் நிமோனியா ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 4ஆம் பதிலில் உள்ள எம்பிஎல் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே அளவு. மரபணுவுக்கு ரிப்போர்ட் எடுக்கக் கொழும்புக்குப் போகத் தயாராக இருக்கிற வீட்டில், விறகடுப்புக்குப் பக்கத்தில் ஏணை கட்டியிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

13. கொரோனா நேரம் ஒரே வீட்டில ஒருத்தருக்கு ஒட்சிசன், மற்றவருக்கு தும்மல்கூட இல்லை. அது மரபணுவா?

ஒரு பகுதி. 3ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு துண்டு கடும் கொரோனாவோடு தொடர்புபட்டது. அது நியண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்று 2020ல் காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அதன் ஒரு பிரதியாவது உண்டு, ஐரோப்பாவில் 100க்கு 16 பேரிடம். பாதிப் பேரிடம் இருந்தும் பாதிப் பேர் வார்டுக்குப் போகவில்லை, ஏனென்றால் அது இரண்டாம் சாதி. வயது அதைவிடப் பெரிய காரணம்.

முதல் சாதியும் இருந்தது. எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள டிஎல்ஆர்-7 பழுதான இளம் ஆண்கள் சிலர், வேறு வருத்தம் ஒன்றும் இல்லாமலே கடுமையாக விழுந்தார்கள். 5ஆம் பதிலின் அதே தாய்வழிக் கணக்கு. இன்னொரு ஆச்சரியம்: உயிராபத்தான கொரோனா நிமோனியா வந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவில், தங்கள் சொந்த இன்டர்ஃபெரோனையே (வைரசை எதிர்க்க உடம்பு விடும் புரதம்) தாக்கும் பிறபொருளெதிரிகளை வைத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், வயது கூடியவர்களும் அதிகம். அது அநேகமாகப் பிறப்போடு வந்தது இல்லை, வயதோடு வந்தது.

14. மரபணுவைத் திருத்த ஏலாது. அப்ப தெரிஞ்சு என்ன லாபம்?

புரூட்டன் நோய்ப் பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒரு தரம் பிறபொருளெதிரிகளை ஏற்றினால் பாடசாலை போய், வேலைக்குப் போய், கல்யாணமும் முடிக்கிறான். (அவன் மகள்மார் எல்லோரும் காவிகள். அவர்கள் அவன் மனைவியின் குடி, ஆகவே 5ஆம் பதிலின் குடிக்கணக்கு இனி வேலை செய்யாது.) ஐராக்-4 பிள்ளைக்குத் தடுப்பூசிகளும் தினசரி அன்டிபயோட்டிக்கும் கொடுத்து ஆபத்தான வயதைக் கடத்துவார்கள். டி வெண்குழியம் இல்லாத கைக்குழந்தைக்கு என்புமச்சை மாற்றினால் நோயே மாறலாம், அதுவும் தொற்று வர முன் செய்தால் நல்ல பலன். தெரியாமல் இருந்தால் இந்த மூன்று பிள்ளைகளும் "சளியில செத்தவை" கணக்கில்தான் சேருவார்கள்.

15. மகள் காவி என்று வெளியில தெரிஞ்சா ஆர் முடிப்பான்?

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பாடப்புத்தகப் பதில் இல்லை. காவி நோயாளி இல்லை. ஆளுக்கு ஒன்றிரண்டாவது பழுதான மரபணுவைச் சுமக்காத மனிதர் இல்லை. கேட்கிற மாப்பிள்ளையும் சுமக்கிறார், அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டப்போகிறவருக்கும் பிள்ளைப்பேற்று டொக்டருக்கும் தெரிந்தால் போதும். ஆனால் இதைக் கேட்பவர்கள் எப்போதும் பெண்ணின் தாய்மார்தான். மகன் காவியா என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

16. ராவையில பிள்ளை மூச்சு வாங்கினா இதெல்லாம் யோசிக்க ஏலுமா டீச்சர்?

யோசிக்க வேண்டாம், மூச்சை எண்ணுங்கள். அழாமல் இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40: இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, அல்லது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இல்லை என்று நிற்காதீர்கள், ஏன் என்று 3ஆம் பதிலில் இருக்கிறது. வாகனம் இல்லை என்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அம்மம்மாவிடம் எழுதின அந்தத் தாளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருந்தால் அதுவும் கூடவே போகும்.